ஒரே வண்ணத்தில் ஒரு துயரம்



பெரட்டுக்குப் புறப்படும் விடியற்காலை நேரத்தை நாம் அறிவோம். லயத்து வீடுகளும் மரங்களும் எதிரே வரும் ஆளும் ஒரே மங்கிய நீலமாகத் தெரியும். வெளிச்சம் வந்த பிறகுதான் சிவப்புச் சேலை சிவப்பாகும். அந்த நேரத்தில் நம் மனமும் சற்று அடங்கியே இருக்கும். வண்ணத்திற்கும் மனத்திற்கும் உள்ள இந்த உறவை ஓர் ஓவியர் எவ்வாறு பயன்படுத்தினார் என்று இன்று பார்ப்போம்.

அவர்தாம் ஸ்பெயின் நாட்டில் 1881ஆம் ஆண்டு பிறந்த பாப்லோ பிக்காசோ. 1901ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய நெருங்கிய நண்பர் கார்லஸ் காசஜேமாஸ் பாரிஸ் நகரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது பிக்காசோவுக்கு வயது 19. அத்துயரம் அவரை விட்டு எளிதில் அகலவில்லை. அவ்வாண்டு முதல் 1904 வரை அவர் தீட்டிய படங்களில் நீலமே மேலோங்கி நின்றது. ஏழைகளையும் பார்வையற்றோரையும் அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார்.

அவற்றுள் ஒன்று, கிட்டார் வாசிக்கும் முதியவரின் படம். ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள மரப்பலகையில், 1903ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கித் தீட்டியது. கந்தல் உடை, ஒட்டிய உடல், பார்வையற்ற முகம், தோளுக்குக் கீழே கவிழ்ந்த தலை. உடையும் நீலம், பின்புறமும் நீலம், தோலிலும் நீலத்தின் சாயல். நீலத்தோடு வெள்ளை கலந்தால் வெளிறும். கருமை கலந்தால் இருளும். இந்த ஏற்ற இறக்கத்திலேயே முழு உருவமும் அமைந்துவிடுகிறது. தோலில் இரத்தச் சிவப்பு இல்லாததால், பார்க்கும் நமக்கே குளிர்வது போல் இருக்கிறது. படத்தில் ஒரு துளிக் கண்ணீர் கிடையாது, வண்ணமே அழுகிறது.

ஆனால் கிட்டார் மட்டும் பழுப்பு நிறம். நம் கண் முதலில் அங்கேதான் போகிறது. எல்லாம் இழந்தவரிடம் இசை ஒன்று எஞ்சியிருக்கிறது என்பதை நாம் சொல்லாமலே உணர்கிறோம். சுற்றிலும் நீலம் இல்லாவிட்டால் அந்தப் பழுப்புக்கு இவ்வளவு வலிமை வந்திருக்காது.

இன்னொரு செய்தி. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, அடியில் ஒரு பெண்ணின் உருவம் தெரிந்தது. கையில் காசில்லாத காலத்தில், வரைந்த பலகையின் மீதே அவர் மறுபடியும் வரைந்திருக்கிறார். அந்தப் படம் இன்று அமெரிக்காவின் சிகாகோ நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நம் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சில் ஒன்றே இருந்தாலும் குறையில்லை. அழுத்தியும் மெல்லவும் தீட்டிப் பார்க்கச் சொல்வோம். பிறகு, "இதை வரையும்போது உன் மனம் எப்படி இருந்தது?" என்று கேட்போம்.