கல்லூரி வாசலுக்கு முன் கணக்குப் பார்ப்போம்

(பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது, "ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கும் முன்னால் கேட்கவேண்டியது, "எந்த வழியாகச் சேருகிறோம்?" என்பதே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு குடும்பத்தார் நகைகளை அடகு வைத்து, மகனை நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் படிக்கச் சேர்த்தனர். அக்குடும்பத்தில் அவனே முதல் பட்டதாரி. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருந்தால், 2010-ஆம் ஆண்டு வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். நிர்வாக இடத்திற்கு அது கிடையாது. சிபாரிசுக் கடிதம் கொடுத்ததும் நாமே. ஒரு வார்த்தை விசாரிக்காமல் விட்டோமே என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆகவே அறிந்துகொள்வோம். ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவரான குடும்பங்களுக்கும், ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள் இருந்தால், தமிழக அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களே புதுமைப்பெண்ணும் (2022) தமிழ்ப் புதல்வனும் (2024). அரசுப் பள்ளி மாணவர் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கட்டணத்தை அரசே ஏற்கிறது.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றிற்கு விண்ணப்பித்துவிடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் அல்லவா? முன்பணம் கட்டுமுன் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.