6174 என்னும் எண்



கணிதம் என்றாலே சூத்திரங்களை மனனம் செய்வதுதான் என்று எண்ணி அஞ்சிய பிள்ளைகள் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். அவர்களிடம் 6174 என்னும் எண்ணைப் பற்றிக் கூறுவது என் வழக்கம். கழித்தல் அறிந்த எவரும் இதன் இயல்பைச் சோதித்துப் பார்க்கலாம்.

நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே இராத நான்கிலக்க எண் ஒன்றை எழுதுங்கள். 2341 என்று வைத்துக்கொள்வோம். அவ்விலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 4321. ஏறு வரிசையில் எழுதினால் 1234. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க, 3087 கிடைக்கிறது. இதனையும் அவ்வாறே மாற்றி எழுதி, 8730இலிருந்து 0378ஐக் கழித்தால் 8352. அடுத்து, 8532இலிருந்து 2358 போக மீதி 6174. அதற்கப்பால் மாற்றம் இல்லை; 7641இலிருந்து 1467ஐக் கழித்தாலும் அதே 6174தான் வருகிறது. எந்த எண்ணில் தொடங்கினாலும், இடையில் வரும் பூஜ்யத்தை விட்டுவிடாமல் எழுதினால், ஏழு கழித்தல்களுக்குள் இவ்வெண்ணையே அடைவோம்.

இதனைக் கண்டறிந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905ஆம் ஆண்டு பிறந்து 1986இல் மறைந்த இவர், நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதுகலைப் பட்டம் பெறாதவர். தம் கண்டுபிடிப்பை 1949ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கணித மாநாட்டில் வெளியிட்டார். இன்று இவ்வெண் காப்ரேகர் மாறிலி என்று உலகெங்கும் வழங்குகிறது.

இங்கு ஒரு வினா எழவேண்டும். நூறு எண்களைச் சோதித்து நூறும் சரியாக வந்தால், எல்லா எண்களுக்கும் இது பொருந்தும் என்று துணியலாமா? கூடாது. நூற்றொன்றாவது எண் பொய்த்துப் போகலாம் அன்றோ? சோதனை வேறு, நிரூபணம் வேறு.

எனினும், நிரூபணம் கடினமன்று. இறங்கு வரிசையின் முதல் இலக்கம் ஆயிரமாவது இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு மாறுகிறது; ஆயிரத்தில் ஒன்று போக 999. இரண்டாம் இலக்கம் நூறாவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு மாறுகிறது. நூற்றில் பத்து போக 90. ஆகவே கழித்து வரும் விடை, முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டின் 999 மடங்கும், நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டின் 90 மடங்கும் சேர்ந்ததே. முதல் வேறுபாடு 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது, முதலாவதை விஞ்ச இயலாது. இவ்வாறு கணக்கிட்டால் அமையக்கூடிய இணைகள் 54 மட்டுமே. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள் முதற்கழித்தலிலேயே இந்த 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன! இவற்றை மட்டும் சோதித்து முடித்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. பொறுமையுள்ள மாணவன் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடுவான்.

மூன்றிலக்க எண்களிலோ இவ்வாறு வந்து நிற்பது 495. ஈரிலக்க எண்களில் எதுவும் நிலைபெறுவதில்லை. 9, 81, 63, 27, 45 என்று வந்து மீண்டும் 9க்கே திரும்பிச் சுழல்கின்றன. ஓரிடத்தில் மெய்யானது வேறோரிடத்தில் பொய்க்கலாம் என்பதற்கு இதுவே சான்று. காரணம் காணாமல் முடிவு கூறலாகாது என்பதை இவ்வெண்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

இன்று வீட்டில், சென்னை மாநாடு நடந்த 1949ஆம் ஆண்டையே எடுத்துக் கழித்துப் பாருங்கள். சரியாக ஏழாவது கழித்தலில் 6174 வரக் காண்பீர்கள். அத்துடன் நில்லாமல், அந்த 54 விடைகளையும் ஒவ்வொன்றாக எழுதிச் சோதியுங்கள். பிறர் சொல்லக் கேட்ட உண்மை அப்போது நீங்களே கண்ட உண்மையாகும்.