ஒரே மழை, எத்தனை நிகழ்வு?

(குன்னூரில் நடந்த மறுகாப்பீட்டு ஆய்வு மாநாட்டின் தொடக்கத்தில் ஆற்றிய தலைமை உரை)



நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தவர்கள் பர்லியாறு தாண்டியதும் மரப்பாலத்தைக் கடந்திருப்பீர்கள். 1993 நவம்பரில் அங்கே மலை சரிந்தது. பேருந்துகளையும் அவற்றில் இருந்த மனிதர்களையும் மண் அள்ளிக்கொண்டு போனது. அந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்வது என் வழக்கம். நேற்றும் அப்படியே வந்தேன். இன்று நான் சொல்லப்போகும் எல்லாம் அந்த வளைவில் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஆண்டுகளாக இந்த மாநாடுகளில் பின்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்டே பழகியவன் நான். தலைமை ஏற்கச் சொல்லி அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியும் தயக்கமும் சேர்ந்தே வந்தன. எனக்குக் கற்பித்தவர்கள் அமர்ந்த நாற்காலி இது. அவர்கள் எதிரே இருந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நாடுகளிடையே மறுகாப்பீட்டு ஒழுங்குமுறையையும் மேற்பார்வையையும் ஒத்திசையச் செய்வது என்பது நம் தலைப்பு. இதன் அரிச்சுவடியை இந்த அவைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பன்னாட்டுக் காப்பீட்டு மேற்பார்வையாளர் சங்கம் 1994-இல் உருவாகி பாசலில் இயங்குகிறது. அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் 13-ஆவது நமக்குரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் மறுகாப்பீட்டுக்கென்றே ஓர் ஆணை கொண்டுவந்தது. 2016 ஜனவரியில் அதன் மூலதன விதிகளான சால்வன்சி 2 நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு மறுகாப்பீட்டாளரிடம் நூற்றுக்கு நூறு பிணை கேட்டுவந்த அமெரிக்கா, 2017 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த உடன்படிக்கையால், போதிய சொந்த நிதி உள்ளவர்களுக்கு அந்தப் பிணையை நீக்க ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2015-இன் திருத்தச் சட்டம் வெளிநாட்டு மறுகாப்பீட்டாளர்களின் கிளைகளுக்கு வழிவிட்டது. மியூனிக் ரீ, சுவிஸ் ரீ, ஹானோவர் ரீ, ஸ்கோர் வந்தன, லாயிட்ஸும் வந்தது. கிளை திறக்காமல் எல்லைக்கு அப்பாலிருந்து பொறுப்பேற்பவர்களிடம் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைந்தது பிபிபி தரமதிப்பீடு கேட்கிறது. 2024 டிசம்பரில் பன்னாட்டு மூலதனத் தரநிலையும் ஏற்கப்பட்டுவிட்டது. இவை ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு நாளும் நல்ல கட்டுரைகள் வரவிருக்கின்றன. அந்த வேலையை அவர்களுக்கே விடுகிறேன்.

நான் கேட்க விரும்புவது வேறு. இந்த முப்பது ஆண்டு உழைப்பும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்திருக்கிறது: மறுகாப்பீட்டாளரிடம் பணம் இருக்கிறதா? மூலதனம், பிணை, தரமதிப்பீடு, எல்லாமே அந்தக் கேள்விக்கு விடைகள். அவசியமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால், பணம் இருப்பவர் எப்போது தர வேண்டும் என்ற இரண்டாவது கேள்வியை மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் தம் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. 13-ஆவது கோட்பாடு ஒப்பந்தம் உரிய காலத்தில் எழுத்தில் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. 'நிகழ்வு' என்ற சொல்லுக்கு அந்த ஒப்பந்தத்தில் என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று பார்க்க அது யாரையும் பணிக்கவில்லை.

பேரிடர் எக்ஸஸ் ஆஃப் லாஸ் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் நிகழ்வு ஒன்றுக்கு முதல் 10 கோடியைத் தானே தாங்குவதாகவும், அதற்கு மேற்பட்டது மறுகாப்பீட்டாளர் பொறுப்பு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மழைக்காலத்தில் மூன்று இடங்களில் 8 கோடி வீதம் 24 கோடி இழப்பு. மூன்றும் ஒரே நிகழ்வு என்றால் 14 கோடி வரும். மூன்று தனி நிகழ்வு என்றால் ஒரு பைசா வராது. மறுகாப்பீட்டாளரின் தரமதிப்பீடு என்னவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நிகழ்வு ஒன்றா மூன்றா என்பதைத் தீர்ப்பது மணிக்கணக்கு விதி. பேச்சில் நாம் அவர்ஸ் கிளாஸ் என்போம். பரவலாக வழங்கும் வாசகங்களில் புயலுக்கும் பெருமழைக்கும் 72 மணி நேரம். வெள்ளம் முதலானவற்றுக்கு 168 மணி நேரம். அந்த எல்லைக்குள் ஒரே காரணத்தால் விளைந்த இழப்புகள் ஒரு நிகழ்வு. புயலின் போக்குக்குப் பொருந்தும் அளவுகள் இவை. புயல் வரும், அடிக்கும், போய்விடும். நீலகிரியின் பருவமழை அப்படி நடந்துகொள்வதில்லை.

2009 நவம்பரை நினைத்துப் பாருங்கள். கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சில நாட்களுக்குள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை விட்ட பிறகும் சரிவு நிற்கவில்லை. ஊறிய மண் தனக்கான நேரத்தை எடுத்துக்கொண்டு இறங்கியது. இதில் நிகழ்வு எது? மழையா, சரிவா? பெருமழை என்றால் 72 மணி. வெள்ளத்தோடு சேர்த்தால் 168 மணி. ஒவ்வொரு சரிவும் தனி என்று வாதிட்டால் நூற்றுக்கணக்கான நிகழ்வுகள்.

நம் நேர்க் காப்பீட்டிலேயே இந்தப் பிளவு இருக்கிறது. பழைய தீ மற்றும் சிறப்பு இடர் பாலிசியில் புயலும் வெள்ளமும் ஒரு வரி. நிலம் அமிழ்தலும் மண்சரிவும் இன்னொரு வரி. மலையில் வாழ்பவருக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது சின்ன வயதிலிருந்தே தெரியும். பாலிசி அவற்றைப் பிரித்தது. மறுகாப்பீட்டு ஒப்பந்தம் அந்தப் பிளவின் மேல் இன்னொரு பிளவு வைத்தது.

இங்கேதான் என் நெடுநாள் வாதத்தைச் சொல்ல அனுமதி கேட்கிறேன். ஒரு மழை எப்போது தொடங்கியது, இடையில் விட்டதா, எப்போது ஓய்ந்தது என்பதற்கு நம் ஆய்வுகளும் சர்வே அறிக்கைகளும் பக்கத்து வானிலை நிலையத்தின் ஒரு நாள் கணக்கையே மேற்கோள் காட்டுகின்றன. நீலகிரிக்கு அது போதாது. தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர்ப் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. வடகிழக்குப் பருவமழையில் கதை தலைகீழ். ஒரு முகட்டின் கணக்கு அடுத்த முகட்டுக்கு ஆகாது.

ஆனால் முகட்டுக்கு முகடு கணக்கு இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் மழைப் பதிவேடுகளைச் சொல்கிறேன். குன்னூருக்கும் கேத்திக்கும் இடையே ஒரு எஸ்டேட் அலுவலகத்தில் அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். துணி முதுகு ஒட்டிய நீள நோட்டு. இடது ஓரம் தேதி, அடுத்து மழை, அடுத்து மஸ்டரில் நின்ற ஆள் கணக்கு, கடைசியில் குறிப்பு. பழைய நோட்டுகளில் மழை இஞ்சிலும் சென்டிலும். பின்னால் வந்தவற்றில் மில்லிமீட்டரில். 2009 நவம்பர்ப் பக்கத்தில் ஈரம் பட்டு மசி பரவியிருந்தது. வழக்கமாகக் காலையில் ஒருமுறை அளக்கும் ரைட்டர், அந்த நாட்களில் மாலையிலும் மழைமானியைப் பார்த்துத் தனி வரியில் எழுதியிருந்தார். காலைக்கும் மாலைக்கும் இடையே எவ்வளவு மழை பெய்தது என்பதை அந்த இரண்டாவது வரிதான் சொல்கிறது. அடுத்த கட்டத்தில் ஆள் கணக்கு எழுதப்படவில்லை. யாரும் இலை பறிக்கப் போகவில்லை. குறிப்பில் பேக்டரி ரோடு போனதும், லாரி வராமல் முன்பே பறித்த இலை கெட்டதும் இருந்தன. மழை, சரிவு, தொழில் நின்றது மூன்றும் ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில். இதைவிட நல்ல சாட்சி எந்த நடுவர் மன்றத்துக்குக் கிடைக்கும்?

நான் முன்பு ஒரு மாநாட்டில் இதைச் சொன்னபோது, எழுத்தரின் நோட்டு அறிவியல் தரவாகாது என்று மறுமொழி வந்தது. சொன்னவர் என் மதிப்புக்குரிய நண்பர். இந்த அவையில் இருக்கிறார். அவருக்கு என் விடை இது. அந்தப் பதிவை எழுதியவருக்கு அதனால் ஆதாயம் எதுவும் இல்லை. காப்பீட்டுக் கோரிக்கை எழும் என்று தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டது. நீதிமன்றம் சாட்சியத்தில் தேடும் தகுதிகள் இவையே. மானியின் துல்லியத்தைச் சோதிப்போம். பக்கத்துத் தோட்டத்து நோட்டோடு ஒப்பிடுவோம். படிக்காமலே தள்ளுவது மட்டும் ஆய்வு முறை ஆகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மறுகாப்பீடு தொழில் தெரிந்த இருவருக்கிடையே நடக்கும் ஒப்பந்தம், அதன் வாசகத்தில் மேற்பார்வையாளருக்கு என்ன வேலை என்பது. தொழில் தெரிந்தவர்கள் என்பது உண்மை. 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையம் விழுந்தபோதும் இருபுறமும் தொழில் தெரிந்தவர்களே இருந்தார்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பாலிசி ஆவணம் அன்றுவரை வழங்கப்படவில்லை. இரண்டு விமானங்கள் மோதியது ஒரு நிகழ்வா இரண்டா என்று வழக்காடினார்கள். 2004-இல் ஒரு ஜூரி சில நிறுவனங்களுக்கு ஒன்று என்றது. இன்னொரு ஜூரி வேறு சில நிறுவனங்களுக்கு இரண்டு என்றது. அது நேர்க் காப்பீட்டு வழக்குதான். ஆனால் நோய் ஒன்றே. 2011-இல் தாய்லாந்து வெள்ளம் மாதக்கணக்கில் நின்றபோது மறுகாப்பீட்டிலும் அதே கேள்வி எழுந்தது. இருவர் தகராறில் மூன்றாமவர் காத்திருக்கிறார். கூரை போன வீட்டுக்காரரும் ரோடு போன சிறு தேயிலை விவசாயியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். மேற்பார்வை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்காகத்தான்.

அடுத்து, நம் காப்பீட்டுச் சட்டத்தின் 101A பிரிவு. ஒத்திசைவு பற்றிய எந்தக் கூட்டத்திலும் அந்தப் பிரிவு விதிக்கும் கட்டாய ஒப்படைப்பை ஒரு தடைச்சுவராகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தேசியமயத்தின் மிச்சம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். பொதுக் காப்பீடு அரசுடைமையாகி நடைமுறைக்கு வந்தது 1973 ஜனவரி 1. 101A சட்டத்தில் நுழைந்தது 1961. அதற்கும் முன்பே, 1956-இல், தனியார் நிறுவனங்கள் தாமாகக் கூடி இந்திய மறுகாப்பீட்டுக் கழகத்தை அமைத்து அதற்குப் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டன. அந்நியச் செலாவணி வெளியே போவதைக் கண்டு தொழிலே எடுத்த முடிவு அது. சட்டம் பின்னால் வந்து அதை உறுதிசெய்தது.

அந்தப் பிரிவின் உண்மையான பெறுமதியை நாம் இன்னும் எடுத்துப் பேசவில்லை. கட்டாய ஒப்படைப்பு ஒவ்வொரு பாலிசியிலும் விழுக்காட்டுப் பங்கு. மரப்பாலத்தில் ஒரு ரூபாய் போனால் அரசின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ தன் பங்கைத் தருகிறது. எத்தனை மணி நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. சட்டம் 30 விழுக்காடுவரை இடம் கொடுத்தது. 2000-இல் ஜி.ஐ.சி. இந்திய மறுகாப்பீட்டாளராக அறிவிக்கப்பட்ட காலத்தில் 20 விழுக்காடாக இருந்தது, படிப்படியாக 5 ஆகி, 2022 ஏப்ரல் முதல் 4 ஆகிவிட்டது. குறைத்தது தவறு என்று நான் வாதிடவில்லை. ஒரே தோளில் நாட்டின் சுமையெல்லாம் ஏற்றுவதும் ஆபத்தே. 2015 சென்னை வெள்ளத்தில் கிட்டத்தட்ட ஐயாயிரம் கோடி ரூபாய்க்குக் கோரிக்கைகள் வந்ததை மறக்க முடியாது. அந்தச் சுமை உலகெங்கும் பகிரப்பட வேண்டியதுதான். ஆனால் தகராறில்லாத பங்கைக் குறைக்கக் குறைக்க, தகராறுள்ள ஒப்பந்தங்களின் மேல் நம் சாய்வு கூடுகிறது. சுவரை இடிக்கச் சொன்னவர்கள் அந்த ஒப்பந்தங்களின் வாசகத்தைச் செம்மைசெய்யவும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே ஒத்திசைவு என்று நாம் பேசும்போது அதில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன். பேரிடர் ஒப்பந்தங்களில் நிகழ்வின் வரையறை குறைந்தபட்சத் தரம் ஒன்றுக்கு உட்பட வேண்டும். மழையும் அதனால் விளைந்த சரிவும் ஒரே காரணமாகக் கருதப்பட வேண்டும். கடைசி மழைத்துளியோடு கடிகாரம் நிற்கக் கூடாது. எந்த அளவீடு சான்று என்பதை ஒப்பந்தமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நம் நிறுவனங்கள் ஆண்டுதோறும் மறுகாப்பீட்டுத் திட்டத்தை ஆணையத்திடம் தாக்கல் செய்கின்றன. அந்தத் தாளோடு நிகழ்வின் வரையறை வாசகமும் போகட்டும். பாசலில் இதைப் பேச இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் ஒரே குரல் இருக்க முடியும். பருவமழை நமக்குப் பொதுவானது.

பதிவேடுகளைக் காப்பது நம் கையில் இருக்கும் வேலை. கைமாறும், மூடப்படும் தோட்டங்களில் பழைய நோட்டுகள் எடைக்குப் போகின்றன. தென்னிந்தியத் தோட்டத்தார் சங்கமான உபாசியின் தலைமையகம் இதே குன்னூரில் இருக்கிறது, தோட்ட நிர்வாகங்களை நமக்குத் தெரியும், மாணவர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. நாளை மதியம் கலைவதற்கு முன் ஒரு குழு அமைத்து, யார் எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று எழுதிவைத்துவிட்டுக் கலைவோம். இந்திய ஒப்பந்தங்கள் ஏப்ரல் 1-இல் புதுப்பிக்கப்படுகின்றன. ஜூனில் மழை வந்துவிடும்.

மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.