கன்னுக்கு விட்ட பால்

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. மாடு வளர்த்து நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு மூணு ஏக்கர் கொறங்காடு. கிளுவை வேலி, நாலு வெள்வேல மரம், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். குழுவில் கடன் வாங்கி ஒரு காங்கேயம் மாடு பிடித்தேன். கன்று குடிப்பதையும் சேர்த்தால் நாளைக்கு 3 லிட்டர் தேறும். தவணை கட்டணுமேங்கிற பயத்தில் ரெண்டு நேரமும் கறந்து 2 லிட்டர் சொசைட்டிக்கு ஊற்றினேன்.

மாசி, பங்குனியில் புல் காய்ந்தது. மாட்டுக்குப் பால் குறைந்தது. நான் மட்டும் அதே 2 லிட்டரைக் கறந்தேன். குறைந்ததெல்லாம் கன்னோட பங்கு என்று அப்போ எனக்கு உறைக்கவில்லை. செவலை மாறுகிற ஆறாம் மாசத்தில் கன்றுக்கு வயிறு உப்பி, முடி சிலிர்த்து, விலா எலும்பு தெரிந்தது. "கன்னு வாயில இருக்கறதப் புடுங்கியா கடன் கட்டறே அம்மணி?" என்று மாமியார் கேட்டாங்க. அந்தக் காளைக்கன்று ஒரு வயசில் 9,000 ரூபாய்க்குத்தான் போச்சு.

கால்நடை டாக்டர் விளக்கினார். இளங்கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் வேணும். 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர். முதல் ரெண்டு மூணு மாசம் அதன் வயிறு புல்லுக்குப் பழகியிருக்காது. புல் பாலுக்கு ஈடாகாது.

அடுத்த ஈத்தில் சீம்பால் முழுக்கக் கன்றுக்கே விட்டேன். பிறகு காலையில் மட்டும் ரெண்டு காம்பு எனக்கு, மீதி கன்றுக்கு. சாயங்காலம் மடியில் கை வைக்கவில்லை. கோடையில் கறப்பதையே நிறுத்தினேன். தவணைக்கு முருங்கைக்காய் பறிக்கக் கூலிக்குப் போனேன். கறக்காமல் விட்ட பால் 6,000 ரூபாய் இருக்கும். அந்தக் காளைக்கன்று ஒரு வயசில் 22,000-க்குப் போச்சு. அந்த வருசம் மழையும் கை கொடுத்தது, இல்லைன்னு சொல்லல.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். மாட்டுக் கடனுக்குக் கன்று ஈன்ற முதல் மூணு மாசமும், புல் காய்கிற மாசங்களிலும் வட்டி மட்டும் வாங்குங்க. அசலைக் கன்று விற்கும்போது கட்டுறோம். அவசரப்பட்டுக் கறந்தால் கடனும் தீராது, கன்றும் தேறாது.