சிரிப்புக்குள் ஒளிந்த துப்பு: பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் எளிய துப்பறிவாளர்கள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் துப்பறியும் தொடர்களில் ஒரு தனிக் கிளை உண்டு. அதில் கொலையாளியைக் கண்டுபிடிப்பவர் காவல் அதிகாரியாக இருக்க மாட்டார். பெரும்பாலும் துப்புத் துலக்குவதை முறையாகக் கற்றவராகவும் இருக்க மாட்டார். ஊர்ப் பாதிரியார், தோட்டம் போடும் பெண், அறுபது வயதைத் தொட்ட இல்லத்தரசி, மேடை வித்தைக்காரருக்கு உத்தி வகுத்துத் தருபவர், புதிர் எழுதிப் பிழைப்பவர் என யாராகவும் இருக்கலாம். அவரைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. கதைக்குள் இருப்பவர்களும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த இரண்டாவது சிரிப்பில்தான் இக்கிளையின் ஆணிவேர் இருக்கிறது.

இதன் மூலம் தொலைக்காட்சிக்கு முந்தையது. எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டனுக்கு யார்க்ஷயரில் ஜான் ஓகானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் நண்பராக வாய்த்தார். மனிதர் செய்யும் கொடுமைகளைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டுச் செஸ்டர்டன் அதிர்ந்துபோயிருந்த அதே நாளில், கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் அந்தப் பாதிரியாருக்காகப் பரிதாபப்பட்டார்கள். உலகத்துத் தீமை எதுவும் தெரியாமல் நான்கு சுவருக்குள் வாழ்கிறாரே என்பது அவர்கள் கவலை. பாவமன்னிப்புக் கேட்டு வருபவர்களின் வாய்மொழியைக் காலமெல்லாம் கேட்டவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட அந்த இளைஞர்களுக்குத் தெரியாது. இந்த முரணிலிருந்துதான் ஃபாதர் பிரவுன் பிறந்தார் என்று செஸ்டர்டனே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1910இல் வெளிவந்த முதல் கதையிலேயே முழு இலக்கணமும் அமைந்துவிட்டது. உருண்டை முகம், கைதவறி விழுந்துகொண்டே இருக்கும் குடை, பழுப்புக் காகிதப் பொட்டலங்கள் ஆகியவற்றோடு பாதிரியார் லண்டன் வருகிறார். பாதிரி வேடத்தில் ஒரு திருடன் அவருடன் ஒட்டிக்கொள்கிறான். உணவகத்தில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது. சுவரில் சூப் வீசி அடிக்கப்படுகிறது. பழக்கடையில் ஆப்பிள்கள் தெருவில் உருளுகின்றன. வேறோரிடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைகிறது. அசட்டு மனிதரின் சேட்டைகளாகத் தெரியும் இவை, பின்னால் வரும் காவல் அதிகாரிக்காக அவர் வழியெங்கும் விட்டுச்சென்ற அடையாளங்கள். வாசகர் எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதுவே துப்பு.

பிபிசி 2013இல் தொடங்கிய ‘ஃபாதர் பிரவுன்’ தொடரில் மார்க் வில்லியம்ஸ் அந்த வேடம் ஏற்றார். நகைச்சுவைத் துணுக்குத் தொடர் ஒன்றில் தேர்ந்த நடிகர் அவர். ஹாரி பாட்டர் படங்களில் ரான் என்ற பாத்திரத்தின் தந்தையாகவும் பலருக்கு அறிமுகமானவர். செஸ்டர்டனின் பாதிரியார் பல ஊர்களில் திரிவார். தொடரோ அவரை 1950களின் கெம்பிள்ஃபோர்டு என்ற கற்பனைக் கிராமத்தில் நிலைநிறுத்தி, ஒரு சைக்கிளும் கொடுத்தது. கிளாஸ்டர்ஷயரில் உள்ள பிளாக்லி கிராமத்தில் படப்பிடிப்பு நடந்தது. அங்குள்ள ஆங்கிலிக்கன் திருச்சபைக் கோயிலே கத்தோலிக்கக் கோயிலாக வேடமிட்டது. மூலக் கதைகளின் தத்துவ வாதங்களைத் தொடர் பெரும்பாலும் இழந்துவிட்டது. இது சிறிய இழப்பல்ல. அதற்கு ஈடாகக் கிடைத்தவர்களில் முக்கியமானவர், தன் ஸ்ட்ராபெரி ஸ்கோன்களைப் பற்றிப் பெருமை பேசும் மிசஸ் மெக்கார்த்தி. ஊர்வம்பு என்று எவரும் ஒதுக்கும் அவருடைய பேச்சில் வழக்குக்கு வேண்டிய செய்தி ஒன்று எப்படியோ அகப்பட்டுவிடும்.

நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. இந்தத் தொடர்களைப் பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி கிடைப்பது அரிது. பிறர் எள்ளுகிறார்கள், தனக்குப் பேதைமை இருப்பதாக அவர்கள் நினைப்பதைத் துப்பறிவாளர் மறுப்பதில்லை. ஏனெனில் அறியாதவர் என்று எண்ணும் ஒருவர் முன்னால் யாரும் வாயைக் கட்டிக்கொள்வதில்லை.

இந்த வகையில் மனத்தில் ஆழமாகத் தைப்பது, பிபிசியில் 1996 முதல் 1998 வரை வந்த ‘ஹெட்டி வெயின்த்ராப் இன்வெஸ்டிகேட்ஸ்’. டேவிட் குக் எழுதிய நாவலிலிருந்து வளர்ந்த பாத்திரம் ஹெட்டி. லங்காஷயர் தொழிலாளர் குடும்பத்துப் பெண். அறுபது வயதில் துப்பறியக் கிளம்புகிறார். வீட்டோடு இருக்க விரும்பும் கணவர் ராபர்ட், வழிதவறிப் போகவிருந்த ஜெஃப்ரி என்ற பையன் ஆகிய இருவருமே அவருடைய படை. பையனாக நடித்த டொமினிக் மோனகன் பின்னர் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் புகழ்பெற்றார். ஹெட்டியாக வாழ்ந்தவர் பாட்ரிஷியா ரூட்லெட்ஜ். சற்று முன்னர்தான் ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ தொடரில் போலி கௌரவம் பிடித்த ஹயசிந்தாக நாட்டையே சிரிக்க வைத்தவர். தொப்பியும் கைப்பையுமாக ஒரு மூதாட்டி வாசலில் வந்து நின்றால் கதவு திறக்கிறது. காவலர் சீருடைக்கு அப்படித் திறப்பதில்லை. ஓய்வூதியம், வாடகை, தனிமை என அந்த வட்டாரத்து எளியவர்களின் கவலைகள் இத்தொடரில் ஓரத்து அலங்காரமாக நில்லாமல் வழக்காகவே வருகின்றன. இக்கிளையின் தொடர்களில் மனிதக் கனம் மிகுந்தது இதுவே.

புதிரின் நுட்பத்துக்கோ ‘ஜொனாதன் கிரீக்’ முன்னால் நிற்கிறது. டேவிட் ரென்விக் 1997இல் தொடங்கி எல்லாப் பகுதிகளையும் ஒற்றை ஆளாக எழுதினார். அதற்கு முன் ‘ஒன் ஃபுட் இன் தி கிரேவ்’ என்ற நகைச்சுவைத் தொடரால் பெயர் பெற்றவர். ஆலன் டேவிஸ் நடித்த ஜொனாதன், காற்றாலை ஒன்றில் வசித்துக்கொண்டு, ஆடம் கிளாஸ் என்ற பகட்டான மேடை வித்தைக்காரருக்குத் தந்திரங்களை உருவாக்கித் தருபவர். கரோலின் குவெண்டின் நடித்த மேடி என்ற பத்திரிகையாளர் அவரை வழக்குகளுக்குள் இழுத்துவிடுகிறார். உள்ளே பூட்டிய அறை, நடக்கவே முடியாத குற்றம் ஆகியவையே இங்கே வழக்கு. கொன்றது யார் என்பதற்கு முன்பாக, இது நடந்தது எப்படி என்ற கேள்வியை ஜொனாதன் எழுப்புவார். வித்தைக்காரர் வலக்கையை ஆட்டும்போது வேலை இடக்கையில் நடக்கிறது. ரென்விக்கின் வலக்கை நகைச்சுவை. ஆடம் கிளாஸ் அசிங்கப்படும் காட்சியிலும் மேடியும் ஜொனாதனும் சண்டை பிடிக்கும் காட்சியிலும் பார்வையாளரின் கவனம் தளரும். அந்தத் தளர்ச்சியில் துப்பு கடந்துபோகும். 1998இல் சிறந்த நாடகத் தொடருக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

‘அகதா ரேசின்’ வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. எம். சி. பீட்டன் என்ற பெயரில் எழுதிய மரியன் செஸ்னியின் முதல் அகதா நாவல் 1992இல் வந்தது. ஆஷ்லி ஜென்சன் நடிக்க 2014இல் தொலைக்காட்சிப் படமாகி, 2016இல் தொடரானது. லண்டனில் மக்கள் தொடர்புத் தொழிலை விட்டுக் கிராமத்துக்கு வந்த அகதா, ஊரார் மதிப்பைப் பெற விரும்பி ‘கீஷ்’ போட்டியில் கலந்துகொள்கிறார். முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடும் அந்தப் பண்டத்தை அவர் சமைக்கவில்லை. கடையில் வாங்கித் தன் கைப்பக்குவம் என்று வைத்துவிட்டார். அதைத் தின்ற நடுவர் நஞ்சேறி இறக்கிறார். கொலைப் பழியிலிருந்து தப்ப வேண்டுமானால், போட்டியில் ஏமாற்றியதை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். சிரிப்பும் சிக்கலும் ஒரே முடிச்சாக விழுந்த இடம் இது.

‘ரோஸ்மேரி அண்ட் தைம்’ (2003) தோட்டக்கலை தெரிந்த இரண்டு பெண்களின் கதை. ரோஸ்மேரி தாவரநோய் வல்லுநர். லாரா, கணவர் கைவிட்ட முன்னாள் காவலர். புதிர்கள் பல பகுதிகளில் எளிதில் அவிழ்ந்துவிடும். மண், வேர், நச்சுச்செடி பற்றிய அறிவையே துப்பாகப் பயன்படுத்திய எண்ணம் மட்டும் புதிது. ரோஸ்மேரியாக நடித்த ஃபெலிசிட்டி கெண்டல், தந்தையின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு இந்தியாவில் வளர்ந்தவர். 1965இன் ‘ஷேக்ஸ்பியர் வாலா’ படத்தில் சசி கபூருடன் நடித்தவர்.

குறையும் சொல்லப்பட வேண்டும். அமைதியான கிராமம், தேநீர், வாராவாரம் ஒரு பிணம் என்ற வாய்ப்பாட்டில் இறந்தவருக்காக அழ ஆளில்லாமல் போகிறது. துப்பறிவாளர் ஒளிர்வதற்காகக் காவல் ஆய்வாளர்கள் மந்தபுத்திக்காரர்களாக்கப்படுகிறார்கள். 2024இல் வந்த ‘லுட்விக்’ இந்த வாய்ப்பாட்டைச் சற்று மாற்றியது. டேவிட் மிட்சலின் புதிர் எழுத்தாளர், காணாமற்போன தன் இரட்டைச் சகோதரரான காவல் அதிகாரியின் இடத்தில் போய் உட்கார்கிறார். கொலையைத் தர்க்கப் புதிராகக் கட்டம் போட்டு அவிழ்ப்பவருக்குச் சக ஊழியர்களின் வணக்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்துக்குள் சகோதரரைத் தேடும் துயரமும் ஓடுகிறது.

இந்தத் தொடர்களுக்குப் புதிதாக வருபவர் ‘ஜொனாதன் கிரீக்’ முதல் பருவத்திலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். இரண்டாம் முறை, முதலில் வாய்விட்டுச் சிரித்த இடத்தில் நிறுத்தி, திரையின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும்.