திருமுழுக்கின் பொருள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஹூக்ளிக் கரையில் குடியேறிய நம்முள் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கின்றோம். ஒரு வீட்டுத் திருமணத்தில் மறுவீட்டார் பந்தி பரிமாறுகின்றோம். ஆயினும் அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என அழைப்பு வருங்கால், நம்மிற் பலர் பரிசளித்து விருந்துண்டு மீள்கின்றோமேயன்றி, அச்சடங்கின் உட்பொருளை உசாவுவதில்லை. அதனை ஒருவாறு விளக்குதலே இன்று நம் நோக்கம்.

ஞானஸ்நானம் என்றும் திருமுழுக்கு என்றும் தமிழில் வழங்கும் இச்சடங்கின் கிரேக்கப் பெயர், நீரில் அமிழ்த்துதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. யோர்தான் ஆற்றங்கரையில் மக்களை மனந்திரும்ப அழைத்த யோவானிடம் இயேசுவும் முழுக்குப் பெற்றார் என நற்செய்தி நூல்கள் கூறும். பவுலடிகள் இதற்கு மேலும் ஆழ்ந்த பொருள் கண்டார். நீருள் அமிழ்தல் கிறிஸ்துவோடு இறந்து அடக்கம் பெறுதல். மேலெழுதல் அவரோடு உயிர்த்தெழுதல். எனவே இது பழைய வாழ்வுக்கு ஈமச்சடங்கும் புதுவாழ்வுக்குப் பிறப்பும் ஆகின்றது. பிறப்பு ஒருமுறையே நிகழ்தல்போல் இதனையும் ஒருமுறையே பெறுதல் வேண்டும் என்பது திருச்சபையின் கொள்கை.

செய்முறையில் வேறுபாடுகள் உண்டு. முழுவதும் அமிழ்த்துவோரும், தலையில் நீர் வார்ப்போரும், தெளிப்போரும் உளர். ‘திதாக்கே’ என்னும் மிகப் பழைய கிறித்தவ நூல், ஓடும் நீரே சிறந்தது; அஃதில்லையேல் வேறு நீர் கொள்க; அதுவும் போதாதெனில் தலையில் மும்முறை வார்க்க என வழிகாட்டுகின்றது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் பெயரால் அளித்தலே இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவாம். உயிருக்கு இடர் நேர்ந்த வேளையில் குருவானவர் இல்லையெனில், திருச்சபையின் கருத்தோடு எவரும், கிறித்தவரல்லாதாரும், இதனை அளிக்கலாம் எனக் கத்தோலிக்கச் சட்டம் இடமளிக்கின்றது.

அறியாக் குழந்தைக்கு இதனை அளிப்பது தகுமோ என வினவலாம். அளிப்போர், பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தைக்காக உறுதி கூறுவர், வளர்ந்தபின் உறுதிபூசுதலில் அதுவே தன் வாயால் உறுதி கூறும் என்பர். மறுப்போர், நம்புகின்றவனே தன் விருப்பால் நீரில் இறங்குதல் வேண்டும் என்பர். 1970 ஆம் ஆண்டு நவம்பர் 29 இல் நாகபுரியில் ஒன்றிணைந்து உருவான வட இந்தியத் திருச்சபை இவ்விரு முறைகளையும் ஏற்றுக்கொண்டது. நூற்றாண்டுகளாகச் சபைகளைப் பிரித்த வழக்கு ஒரு கூரையின்கீழ் அமைதி கண்டது போற்றற்பாலது.

இனி, இந்நீர் ஒரு மனிதனிடம் கேட்கும் விலை யாது என்பதை நம் அருகிலுள்ள ஸ்ரீராம்பூர் காட்டும். நம் தரங்கம்பாடியைப் போலவே அவ்வூரும் அன்று டேனியர் வசம் இருந்தது. 1845 இல் இரண்டும் சேர்ந்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. அங்கே கிருஷ்ணபால் என்னும் தச்சர், தோள் பிசகி, மருத்துவர் ஜான் தாமஸிடம் சிகிச்சை பெற்றார். சமய உரையும் கேட்டார். 1800 டிசம்பர் 22 இல் அவர் பாதிரிமாருடன் அமர்ந்து உண்டார். செய்தி பரவியதும் பெருங்கூட்டம் திரண்டு அவரை நீதிபதிமுன் இழுத்துச் சென்றது. நீதிபதி அவரை விடுவித்தார். அவருடன் முழுக்குப் பெறவிருந்தோர் பின்வாங்கினர். 28 ஆம் நாள், ஞாயிறன்று, வில்லியம் கேரி தம் மகன் பெலிக்ஸுடன் கிருஷ்ணபாலையும் ஹூக்ளியில் இறக்கி முழுக்களித்தார். ஆற்றைத் தாம் புனிதமாகக் கருதவில்லை, அது வெறும் நீரே என்றும் அங்குக் கூடியோர்க்கு உரைத்தார். பெயர் மாற்றமும் இல்லை; கிருஷ்ணன் கிருஷ்ணனாகவே கரையேறினார். 1803 இல் அவர் மகளை, முழுக்குப் பெற்ற அந்தணரான கிருஷ்ணபிரசாத் மணந்தார். நீர் உரைத்ததை வாழ்வும் உரைத்தது.

தமிழகத்துச் சபைகள் பலவற்றிலோ, ஒரே நீரில் முழுகியவர் தனித்தனி இடங்களில் அமர்ந்தனர். 1833 இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபையினின்று அகற்றுமாறு கண்டிப்புடன் மடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை எதிர்த்தனர். சிலர் சபையையே துறந்தனர். இன்றும் இத்துயர் தீர்ந்தபாடில்லை. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் நிலையை இந்துக்களுக்கு அளித்தது, 1956 இல் சீக்கியரையும் 1990 இல் பௌத்தரையும் அதனுள் சேர்த்தனர், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. திருமுழுக்குப் பெற்றவனுக்குச் சாதியில்லை எனச் சட்டம் கொள்கின்றது. ஊர் அவ்வாறு கொள்கின்றதா? இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் ஏழையின் நிலையை எண்ணிப் பார்த்தல் நம் அனைவர் கடனுமாம்.

அன்பர்களே, இந்நீர் எல்லாரையும் ஒரு குடும்பத்தாராக்கும் என்பது கிறித்தவரின் நம்பிக்கை. அதனை மெய்ப்பித்தல் நீரின் பொறுப்பன்று. கரையேறியவர் பொறுப்பும், அவர்களை வரவேற்கும் நம் பொறுப்புமாகும். அடுத்த அழைப்பு வரும்போது, விருந்துக்கு முன்னரே சென்று, அக்குழந்தையின் தலையில் நீர் வீழ்வதையும் கண்டு வாழ்த்துவோமாக.