கோணல் காலும் தலையெழுத்தும்



வில்லைப்போல் வளைந்த காலை ரண சிகிச்சை செய்து நிமிர்த்தினால் உயரம் கூடுமா என்று பலர் நம்மைக் கேட்கிறார்கள். கூடும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயமிருக்கிறது. அதற்கு முன், கால் ஏன் வளைகிறது என்று பார்ப்போம்.

பூர்வ ஜன்ம வினை என்கிறார்கள். அப்படியானால் 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஏராளமாய்க் கால் வளைந்ததேன்? பாவம் செய்தவர்களெல்லாம் ஒரே சந்தில் வந்து பிறந்தார்களா? ஆலைப் புகை வெயிலை மறைத்தது, சத்துள்ள ஆகாரமில்லை, எலும்பு உறுதிப்படாமல் உடல் பாரத்தால் வளைந்தது. 1919-ல் ஜெர்மனியில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர் விளக்கினால் புற ஊதாக் கதிர் பாய்ச்சியே அந்நோயைக் குணப்படுத்தினார். விளக்குக்கு வினையைத் தீர்க்கத் தெரியுமா?

வளைந்து முற்றிய எலும்பை, கிளாஸ்கோ ரண வைத்தியர் வில்லியம் மக்யூவன் உளியால் வெட்டி நேராக்கினார். 1880-ல் அதைப்பற்றிப் புத்தகமும் வெளியிட்டார்.

இனி உயரக் கணக்கு. இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால்வரை 32 அங்குலமுள்ள கால், முழங்காலண்டை 20 பாகை வளைந்திருந்தால், நிமிர்த்தினால் கூடுவது சுமார் அரை அங்குலம். 30 பாகையானால் 1 அங்குலத்துக்குச் சற்று மேல். எலும்பு வளரவில்லை, வளைவில் ஒளிந்திருந்த நீளம் வெளிவருகிறது, அவ்வளவே. வளைவை நிமிர்த்தியே அரை முழம் கூட்டுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவனுக்கும், தாயத்து விற்பவனுக்கும் என்ன பேதம்? எலும்பையே நீட்டுவது வேறு வித்தை. சோவியத் டாக்டர் இலிஸரோவ் வகுத்த அம்முறையில், வெட்டிய எலும்பை நாளொன்றுக்கு 1 மில்லி மீட்டர் வீதம் இழுக்கிறார்கள். அதில் மாதக்கணக்கான வேதனையும், நரம்புக்கும் மூட்டுக்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே நிமிர்த்துவதன் பலன் உயரமல்ல. முழங்கால் ஒரு பக்கமாகத் தேயாமல் நடப்பதுதான்.

கைக்குழந்தையின் கால் சற்று வளைந்திருப்பது இயற்கை. பெரும்பாலும் இரண்டு வயது வாக்கில் தானே நேராகும். அதற்குள் வேண்டிக்கொண்டவர்கள் காணிக்கை செலுத்திவிடுகிறார்கள். நேராக்கியது வயது, காசு வாங்கியது பூசாரி! அதற்கு மேலும் வளைவு அதிகமானாலும், ஒரு கால் மட்டும் வளைந்தாலும், டாக்டரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் திருத்துவது சுலபம்.

கால் கோணலென்று ஒரு பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைத்து, விதியென்று அழுகிற தாய்மார்களே! அவள் கால் வளைந்ததற்குக் காரணமுண்டு, நிமிர்த்த வழியுமுண்டு. தலையெழுத்தென்று சும்மா இருப்பதுதான் நிமிர்த்த வேண்டிய முதற் கோணல்.